புல்லுக்கும் ரெண்டு ஷிப்டு

வாரத்தில் ஒரு நாள், காலை நிகழ்ச்சியில் எனக்கு ஐந்து நிமிட அங்கம் ஒன்று உண்டு. ஒரு பொருள் எல்லார் கண்ணிலும் படும், ஆனால் அதைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவதுதான் அந்த அங்கம். பார்கோடு கோடுகளை முதலில் கடற்கரை மணலில் விரலால் கீறிப் பார்த்தவர், உடனடி மீயைக் கண்டுபிடித்தவர் என்று அது ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு லோரி ஓட்டுநர் அழைத்தார். தினமும் நெடுஞ்சாலையோரம் ஒரு கோல்ஃப் திடலைக் கடந்து போகிறவராம். “தங்கச்சி, அந்த மேடு பள்ளம், குளம், மணல் குழி எல்லாம் தானா அமைஞ்சதா, இல்ல யாராச்சும் உக்காந்து வரையிறாங்களா?” என்று கேட்டார்.

வரைகிறார்கள். அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. வீட்டுக்குக் கட்டடக் கலைஞர் இருப்பதுபோல் திடலுக்கும் உண்டு. யாரைப் பற்றிப் பேசலாம் என்று தேடினால் ஸ்காட்லாந்துக்காரர்கள், இங்கிலாந்துக்காரர்கள், அமெரிக்கர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு ஜப்பானியப் பெயர்: செயிச்சி இனோவே. 1908இல் பிறந்து 1981இல் மறைந்தவர். சுமார் 40 திடல்கள் அவர் கைவண்ணம். நம் பக்கத்து நாடு என்பதால் எளிதாகக் கிடைத்துவிடும் என்று நினைத்து இவரையே எடுத்துக்கொண்டேன்.

தேடுபொறியில் ‘இனோவே’ என்று தட்டினால் குத்துச்சண்டை உலக வெற்றியாளர் நவோயா இனோவேதான் பக்கம் பக்கமாக வருகிறார். அவருடைய குத்துகளைத் தாண்டி நம் ஆளைப் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது. ஆங்கிலத்தில் அவரைப் பற்றி இருப்பது சில பத்திகள்தான். மற்றதெல்லாம் ஜப்பானிய மொழியில். என்னுடன் ஊடகத்துறை படித்துவிட்டு இப்போது ஓசாக்காவில் வேலை செய்யும் தோழி ஒருத்தி கைகொடுத்தாள். நான் அனுப்பும் பக்கங்களைப் படித்து, இரவில் குரல் பதிவாகச் சொல்லி அனுப்புவாள். அந்தப் பெயரின் எழுத்துகளுக்குப் பொருள் உண்டு என்று முதலில் சொன்னவளும் அவள்தான். இனோவே என்றால் ‘கிணற்றுக்கு மேலே’. செயிச்சியில் உள்ள முதல் எழுத்து ‘நேர்மை’, இரண்டாவது ‘ஒன்று’.

கதை ஒரு நோயாளிப் பையனிடம் தொடங்குகிறது. இருபதைத் தாண்டிய வயதில் இனோவேவுக்கு உடல்நிலை சரியில்லை. உடம்பு தேறுவதற்காக இசு தீபகற்பத்தில் உள்ள கவானா என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்திலிருந்து சார்ல்ஸ் ஹியூ அலிசன் என்ற திடல் வடிவமைப்பாளர் ஜப்பானுக்கு வந்திருந்தார். 1930ஆம் ஆண்டு இறுதியில் வந்து, அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் கிளம்பிவிட்டார். மொத்தமே சில மாதங்கள். அதற்குள் தோக்கியோ கோல்ஃப் கிளப்புக்காக அசாக்காவில் ஒரு திடல், கோபேவுக்கு அருகில் ஹிரோனோ, கவானாவில் கடற்பாறைகளுக்கு மேல் ஃபூஜி திடல் என்று வரைந்து கொடுத்தார். கசுமிகசெக்கி கிளப்பின் கிழக்குத் திடலுக்கும் மாற்றங்கள் சொன்னார்.

கவானாவில் அலிசனின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த அந்த நோயாளிப் பையன், இதுதான் என் தொழில் என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு கசுமிகசெக்கியில் அலிசன் சொன்ன மாற்றங்களைச் செய்யும் வேலையில் சேர்ந்துகொண்டார். அதே கிளப்பின் மேற்குத் திடலை வரையும் பொறுப்பும் அவருக்கு வந்தது. 1932இல் அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 24.

இன்னொரு பக்கம், அதே அலிசனின் ஹிரோனோ திடலில் வேலை பார்த்து வளர்ந்தவர் ஒசாமு உவேதா. பின்னாளில் ‘கிழக்குக்கு இனோவே, மேற்குக்கு உவேதா’ என்று ஜப்பானில் சொல்லும் அளவுக்கு இருவரும் உயர்ந்தார்கள். ஒரு மனிதர் சில மாதங்கள் வந்து தங்கிவிட்டுப் போனதில் ஒரு நாட்டின் இரண்டு பெரிய வடிவமைப்பாளர்கள் உருவாகியிருக்கிறார்கள். அலிசன் வேறொன்றையும் விட்டுப் போனார். ஆழமான மணல் பள்ளத்துக்கு ஜப்பானியர்கள் இன்றும் ‘அலிசன் பங்கர்’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள். 2017இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் வந்தபோது, பிரதமர் ஷின்சோ அபே மணல் பள்ளத்திலிருந்து மேலே ஏறப் பார்த்துப் பின்பக்கமாக உருண்டு விழுந்த காட்சி நினைவிருக்கிறதா? அதுவும் கசுமிகசெக்கியில் நடந்ததுதான்.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கடிதம் வேண்டும், நாட்குறிப்பு வேண்டும். வானொலிக்காரிக்கு ஒரு குரல் பதிவாவது வேண்டும். இனோவே விஷயத்தில் எனக்குக் கிடைத்தது நிலம்தான். ஆகவே நிலத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஜப்பானிய அரசின் நில அளவைத் துறை பழைய வான்வழிப் படங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் எடுத்த படங்களும் அதில் உண்டு. வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் படங்களோடு உட்கார்ந்துவிடுவேன். மேலிருந்து பார்த்தால் கோல்ஃப் திடல் ஒரு விளையாட்டு இடம் மாதிரியே தெரியாது. காட்டுக்குள் யாரோ பச்சைத் துணிகளை உலர்த்தப் போட்ட மாதிரி இருக்கும்.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பல திடல்களில், ஒவ்வொரு குழிக்கும் முடிவில் இருக்கிற வழவழப்பான வட்டம், அதாவது ‘கிரீன்’, ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம் அது. ஒரு குழிக்கு ஒன்று போதுமே, எதற்கு இரட்டை?

இதைக் கேட்க எனக்கு ஓசாக்கா வரை போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் அப்பா இருந்தார். 29 வருடம் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டியவர். நான் படத்தைக் காட்டியதும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அங்க குளிர் காலம் இருக்குல்ல?”

“இருக்குப்பா. பனியே பெய்யும்.”

“வெயில் காலம்?”

“தோக்கியோவுல 35 டிகிரிக்கு மேல போகும். நம்ம ஊர் மாதிரி புழுக்கம் வேற.”

“அப்புறம் என்னம்மா? ஒரே ஆளு ரெண்டு ஷிப்டும் பார்க்க முடியுமா? அதான் ரெண்டு புல்லு போட்டிருக்கான்.”

தோழி அனுப்பியிருந்த கட்டுரைகளில் பக்கக்கணக்கில் இருந்த விளக்கம் அதுதான். குளிர் நாட்டு பெண்ட் புல் மெல்லியது, பந்து அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் ஜப்பானின் கோடைப் புழுக்கத்தில் அது அழுகிப் போகும். கோராய் என்கிற புல் கோடைக்குத் தாங்கும், குளிர் வந்தால் பழுத்துத் தூங்கிவிடும். ஆகவே பல திடல்களில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கிரீன் போட்டு, ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றதில் ஆடினார்கள். ஜப்பானியர்கள் கோராய் என்று சொல்வது கொரியாவின் பழைய பெயர். அதே புல்லை உலகம் மணிலா புல் என்கிறது. சிங்கப்பூரில் அதற்கு சிக்லாப் புல் என்றும் ஒரு பெயர். “சிக்லாப்பா? அது நமக்குத் தெரிஞ்ச ஆளாச்சே. மிதிச்சாலும் கோவிச்சுக்காது, ஆனா மெதுவாத்தான் வளரும்” என்றார் அப்பா.

அதற்கு மேல் அவர் சொன்னது எந்தக் கட்டுரையிலும் இல்லை. “புல்லு எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கம்தான் பந்து சாயும். முரட்டுப் புல்லா இருந்தா இன்னும் மோசம். ரெண்டு கிரீன்லயும் ரெண்டு விதமா உருளும். அந்த ஆளு ஒரு தடவை வரைஞ்சா பத்தாது, ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு தடவை யோசிக்கணும். மணல் குழி எங்க வெக்கிறது? இந்தக் கிரீனுக்கு இடைஞ்சலா வெச்சா அந்தக் கிரீனுக்குச் சும்மா கிடக்கும்.” நான் அவசரமாகக் கைப்பேசியில் பதிவை அழுத்தினேன். இனோவேயின் தலைவலி என்ன என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

1936இல் நாசு மலைப்பகுதியில் ஒரு திடல் அமைத்தார் இனோவே. அவருடைய பெரிய காலம் போருக்குப் பின்தான் வந்தது. 1953இல் பசிபிக் கரையோரம், கருப்புப் பைன் மரங்களுக்கு நடுவே ஒவாராய். 1955இல் தையா ஆற்றின் பழைய படுகையில் நிக்கோ. 1957இல் கசுமிகசெக்கியில் கனடா கிண்ணப் போட்டி நடந்தது. தோராக்கிச்சி நக்கமுராவும் கோயிச்சி ஓனோவும் சேர்ந்து சாம் ஸ்னீட் உள்ளிட்ட அமெரிக்கர்களைத் தோற்கடித்தார்கள். நாடே கோல்ஃப் பைத்தியம் பிடித்து அலைந்தது. எங்கே பார்த்தாலும் திடல் கேட்டார்கள். 1958இல் ரியூகசாக்கி, 1964இல் தோக்கியோ யொமியூரி என்று இனோவே வரைந்துகொண்டே போனார்.

யொமியூரி திடலின் பதினெட்டாவது குழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரும்பாலான திடல்கள் நீளமான குழியோடு முடியும். கடைசியில் பலம் காட்டி அடிக்க வாய்ப்புக் கொடுப்பது வழக்கம். இனோவே அங்கே மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குழியைக் கடைசியில் வைத்தார். அதன் கிரீன் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் செங்குத்தாகச் சரிகிறது. கொடிக்குப் பின்னால் பந்து விழுந்துவிட்டால், மெதுவாகத் தட்டினாலும் அது குழியைத் தாண்டி இறங்கி ஓடும். ஜப்பானிய ஆண்கள் போட்டிப் பருவத்தின் கடைசி ஆட்டம் வருடா வருடம் இங்கேதான் நடக்கிறது. கடைசி நாளில், முன்னணியில் இருப்பவர் கை நடுங்க அந்தச் சரிவில் நிற்பார். பலத்தைக் காட்டி முடிக்க நினைப்பவனிடம் பொறுமையைக் கேட்கிற குழி அது.

நடுவில் வந்த 1940களை நான் தாண்டிப் போயிருக்கலாம். பாட்டி விடவில்லை. அப்பாவும் நானும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு நாள் கேட்டுவிட்டார்: “ஜப்பான்காரன் கதைய நீ எதுக்குடி ரேடியோல சொல்ற?” பாட்டிக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. அவருடைய அண்ணனைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். இது நம் வீடுகளில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரம் அல்ல.

பாட்டிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அன்றிரவு மறுபடியும் அசாக்காவின் வான்வழிப் படங்களை எடுத்தேன். அலிசன் வரைந்து 1932இல் திறந்த திடல் அது. பத்து வருடம்கூட நிலைக்கவில்லை, இராணுவம் எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் அமெரிக்கப் படை முகாம், இப்போது ஜப்பானின் தற்காப்புப் படை முகாம். போர் நாட்களில் கோல்ஃப் எதிரி நாட்டு ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டது. ‘கோல்ஃப்’ என்ற சொல்லையே விட்டுவிட்டுப் ‘பந்தடி’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லை வைத்தார்கள். பல திடல்கள் காய்கறித் தோட்டமாயின.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை, ஆறுதலாகவும் இல்லை. “அங்க புல்லுத்தான் போச்சு” என்றார். அந்த வாக்கியத்துக்கு மேல் சொல்ல எதுவுமில்லை. எழுதிவைத்திருந்த உரையைத் திருத்தினேன். 1936க்குப் பிறகு நேராக 1953க்குத் தாவியிருந்த இடத்தில் நான்கு வாக்கியங்கள் சேர்ந்தன. அசாக்கா இராணுவத்திடம் போனது இரண்டு வாக்கியம், அந்த ஆண்டுகளில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்பது இரண்டு வாக்கியம். ஐந்து நிமிட அங்கத்தில் நான்கு வாக்கியம் என்பது பெரிய இடம். அதற்காக அபே விழுந்த கதையை வெட்டினேன். அதுதான் சிரிக்க வைக்கிற பகுதி, ஆனாலும் வெட்டினேன்.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் போனது அடுத்து நடந்ததுதான். அப்பா வேலை பார்த்த கிளப் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்தது. அப்பா அங்கே பால் மரம் சீவியவர். தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், லயங்களை இடித்தார்கள். திடல் வந்ததும் அதே மண்ணில் அப்பாவுக்குப் புல் வெட்டும் வேலை கிடைத்தது. அதிகாலை நாலரைக்குக் கிளம்பிப் போவார். ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன் நீளமான மூங்கில் கழியால் கிரீன்மேல் வீசி, பனித்துளியைத் தட்டிவிட்டு, பிறகு இயந்திரத்தை ஓட்ட வேண்டும். அந்தத் திடலை வரைந்த வெளிநாட்டவர் பெயர் கிளப் வரவேற்பறையில் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. இப்போது திடலில் பாதி வீடமைப்புத் திட்டத்துக்குப் போகிறது. மண் வாரும் இயந்திரங்கள் வந்துவிட்டன.

கூகல் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். ஜப்பானுக்காக அதைப் பழகியிருந்த கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளப்பின் பக்கம் நகர்ந்தது. பசியாறிவிட்டு வந்த அப்பா திரை முன்னால் உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு குளத்தின் வளைவை வைத்து மூன்றாவது கிரீனைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரல் நகர ஆரம்பித்தது. “இது நாங்க வெட்டுன காண்டா. வரைபடத்துல கிடையாது. தண்ணி நின்னு கிரீன் அழுகிப் போச்சு, மண்டோர் சொல்லி நாங்க ஆறு பேர் நாலு நாள்ல வெட்டுனது. இந்த ஆன்சானா மரம் வெச்சது செல்லையா. இங்க பாரு, இந்த மணல் குழி முன்ன இந்தப் பக்கம் இருந்துச்சு.” 18 குழிகளையும் காட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. 29 வருட வேலையைப் பற்றி அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்க எனக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அது ஜப்பான் வழியாக வந்தது.

அதன் பிறகு இனோவேயின் திடல்களைப் பார்க்கும் என் கண்ணும் மாறியது. கசுமிகசெக்கியின் கிழக்குத் திடலில் இருந்த இரட்டைக் கிரீன்களை, தோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டு 2016இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் டாம் ஃபாசியோவும் லோகன் ஃபாசியோவும் ஒற்றையாக மாற்றினார்கள். வெயிலைத் தாங்கும் புதிய பெண்ட் வகைகள் வந்துவிட்டதால் இரண்டாவது ஷிப்டுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமையையும் ஒலிம்பிக் நெருக்கடியில் 2017இல்தான் அந்தக் கிளப் கொடுத்தது. மாற்றம் எல்லாமே இழப்பு இல்லை. வேறு இடங்களில், ஆட ஆளில்லாமல் மூடப்பட்ட திடல்கள்மேல் சூரிய மின்தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஓவியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், கட்டடத்தைப் பூட்டி வைக்கலாம். திடல் அப்படி இல்லை. ஒரு வாரம் புல் வெட்டாமல் விட்டால் வரைந்தவர் நினைத்தது மறையத் தொடங்கிவிடும். இனோவே இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒவாராயும் நிக்கோவும் அவர் பெயரைச் சொல்கின்றன என்றால், அங்கே தினமும் விடியுமுன் யாரோ பனியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இதைத்தான் உரையின் கடைசி நிமிடத்தில் சொன்னேன். அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை, அவர் வேண்டாம் என்றுவிட்டார். அன்று காலை நிகழ்ச்சியைப் பாட்டியும் கேட்டார். ரயில் பாதை பற்றிய இரண்டு வாக்கியங்கள் வந்தபோது சத்தத்தைக் கூட்டச் சொன்னாராம். இனோவேயைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை.

அப்பாதான் ஒரு வேலை செய்தார். கிழிக்கப்பட்ட மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பேனாவால், திடல் முழுவதையும் வரைந்து வைத்திருக்கிறார். 18 கிரீன்கள், காண்டாக்கள், செல்லையா வைத்த மரம் எல்லாம் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடங்களுக்கு மட்டும் நீல மையில் கோடு போட்டிருக்கிறார். ஏன் நீலம் என்று கேட்டேன்.

“ஏழாவது கிரீன் இருந்த பக்கம் வீடு வாங்குறவங்களுக்குச் சொல்லிடு. அங்க கண்டிப்பா தண்ணி நிக்கும்” என்றார்.